நெற்றியிலிருந்து விழுந்த திருநீறு

என் உயிரான பரமேசு,

மாலை போட்ட உம்முடைய படத்துக்கு முன்னால் இருந்து இதை நானே எழுதுகிறேன், நம்புவீரா? எழுபத்திரண்டு வயதில் வட்டக்கச்சி வாசிகசாலையில் எழுதப் படிக்கப் பழகிவிட்டேன். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. ஆனாலும் என் கையால் ஓர் எழுத்து விழும்போது வருகிற சந்தோசம் இருக்கிறதே!

அந்தச் சந்தோசம்தான் வினையாகிவிட்டது.

நம் மகள் சுகந்தி வெளிநாட்டில் செய்கிற வேலை உமக்குத் தெரியும். விண்ணுக்குப் போகிற தொலைநோக்கியில், வெளிச்சத்தை அளக்கும் கருவிகள் இருக்கிற பெட்டியைச் செய்வது. ராக்கெட்டில் குலுங்குவதுபோல அதைக் குலுக்கினார்கள். காற்றில்லாத அறையில் உறைய வைத்தார்கள். எல்லாவற்றையும் தாங்கியது.

என் முதல் கடிதத்தை அவளுக்குத்தான் எழுதினேன். வற்றாப்பளை அம்மன் திருநீற்றை உள்ளே மடித்து வைத்து, "பூசாமல் பெட்டியைத் தொடாதே பிள்ளை" என்று எழுதினேன். அப்பா எழுதிய முதல் வரியை அவள் எப்படித் தட்டுவாள்? பெட்டி இருக்கிற அறைக்குள் போவதென்றால் முகத்தில் பவுடர்கூடப் பூசக் கூடாதாம். தலையை மூடும் வெள்ளை உடுப்புக்குள் மறைத்துப் பூசிக்கொண்டு போயிருக்கிறாள்.

சோதனை முடிந்து பெட்டியைத் திறந்தால், உள்ளே கண்ணாடியில் வெள்ளைத் துகள்கள்.

"அப்பா, அது என்ரை நெத்தித் திருநீறு," என்றாள் போனில்.

"ஒரு பொட்டுத் தூசிதானே பிள்ளை, ஊதிவிடேலாதோ?"

"ஊதினால் என்ரை எச்சிலும் சேந்து வானத்துக்குப் போகும் அப்பா." சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

அந்தத் தூசி வெளிச்சத்தின் அளவைக் கெடுத்துவிடுமாம்; மேலே போனபின் யாராலும் ஏறித் துடைக்க முடியாதாம். இப்போது கழற்றினால் குலுக்கலும் குளிரும் திரும்ப முதலிலிருந்து. பழியோ, கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்த, அவளோடு வேலை செய்கிற கூட்டாளியின் தலையில்.

"நான் வாய் திறந்தால் என்னை வேலையாலை அனுப்பிப்போடுவினம். சொல்லட்டோ, விடட்டோ?"

நான் போனை வைத்துவிட்டேன், பரமேசு. பெற்ற பிள்ளை கேட்கும்போது வைத்துவிட்டேன். நீர் என்ன சொல்லியிருப்பீர்?  இரண்டு நாள் அம்மனைக் கும்பிடவும் கை எழவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நானே எடுத்தேன். "சொல்லு பிள்ளை," என்றேன்.  "ஓம் அப்பா," என்றாள்.

சொல்லிவிட்டாள். கூட்டாளி தப்பிவிட்டார். இப்போது அவளை அந்தப் பெட்டி அறைக்குள் விடுவதில்லை. வேலை இருக்குமா என்பது திங்கட்கிழமை தெரியுமாம். ஆறு வருட உழைப்பு. நான் என்ன செய்துவிட்டேன்?

இதை முடித்த கையோடு அவளுடைய மேலதிகாரிக்கு எழுதுவேன். பூச வைத்தவன் நான், பிழை என்னுடையது என்று. எனக்குத் தமிழ் மட்டும்தான் வரும். அவளே அவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும். வாசிகசாலைப் பிள்ளைகளைக் கொண்டு போனில் படம் எடுத்து அனுப்புவேன், திங்களுக்குமுன் அது போய்ச் சேரும். இது உமக்கு நான் தருகிற வாக்கு.

உம்மைக் கைப்பிடித்தவன்,
சுகந்தியின் அப்பன்,
செல்லத்துரை