கடைசி இடத்துக்கு ஓர் அணி வேண்டும்

என் அன்பு அரியம் அண்ணைக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் மைதானம் உண்டோ தெரியாது. இங்கே ஜேர்மனியில், எசன் நகரில், புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. வெட்டித் தரும்படி நகரசபைக்கு அந்திராக் என்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பதில் வருவதற்குள் புல் தானாகவே காய்ந்துவிடும் என்பது உங்கள் பழைய கணிப்பு. அதில் மாற்றமில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதம். வரும் ஞாயிறு பழைய மாணவர் உதைபந்தாட்டக் கூட்டம். உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆறு கல்லூரிகளும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. அணிகள் ஜேர்மனியில் இருக்கின்றன. தகப்பன் எந்தக் கல்லூரியோ, பிள்ளையும் அந்தச் சட்டைதான். கொலோனில் பிறந்தவன், தகப்பன் கணிதத்தில் தவறிய ஒரு கட்டடத்தின் மானத்துக்காக இங்கே முழங்காலை உடைத்துக்கொள்வான்.

கூட்டத்தில் முதலில் தேநீர், பிறகு அந்தக் கோடையில் எந்த அணி எந்த இடத்தில் முடியும் என்ற உங்கள் கணிப்பு. ஒற்றைத் தாளில் கையால் எழுதி வந்து, எழுந்து நின்று வாசிப்பீர்கள். மற்றவர்கள் ஆட்டக்காரரின் காலைப் பார்ப்பார்கள். நீங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். "நடுவில விளையாடுற பெடியன் ஆவணியில கலியாணம் கட்டுறான். அவங்கட ஆட்டம் ஆடியோட சரி." "அவனுக்குத் தொழில் பழகிற அவுஸ்பில்டுங் தொடங்குது, இனிச் சனிக்கிழமையும் வேலை." ஒருமுறை, ஒருவனின் மாமியார் கனடாவிலிருந்து வருகிறார் என்பதை மட்டும் வைத்து முதலிடத்து அணியை நான்காம் இடத்துக்கு இறக்கினீர்கள். அப்படியே நடந்தது. அந்த அம்மாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லா வருடமும் பிழைவிட்டீர்கள். உங்கள் சொந்தக் கல்லூரியைக் கடைசியில் போடுவீர்கள். எங்கள் கல்லூரியை அதற்கு ஒரு படி மேலே. கோடை முடியும்போது நீங்கள் எங்காவது நடுவில் நிற்பீர்கள். கடைசியில் நாங்கள் நிற்போம்.

"சொந்தப் பள்ளிக்கூடத்தைத் தூக்கி எழுதினால் சனம் சிரிக்கும், தம்பி" என்று காரணம் சொல்வீர்கள். எங்களை ஏன் அந்த ஒரு படி தூக்கி வைத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், என்ன?

இந்த வருடக் கணிப்பை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. செயலாளர் யோகன் தொலைபேசியில் சொன்னார்: "அரியம் அண்ணையின்ர அணியை எழுதாதேங்கோ. பத்துப் பேர்தான் நிக்கினம். ஞாயிறுக்கிடையில பதினோராவது ஆள் வராட்டில் விலத்தத்தான் வேணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தேன். உங்கள் அணி போனால் உங்கள் வரிசைப்படி கடைசி இடம் எங்களுக்கு. இதுவரை நாங்கள் மைதானத்தில் மட்டும்தான் கடைசி, இனித் தாளிலும். ஆகவே நான் செய்த முயற்சியில் நட்பு என்ற கலப்படம் எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

கெல்சென்கிர்ச்சனில் உங்கள் கல்லூரிக்காரரின் மகன் ஒருவரை அழைத்தேன். "முதுகு ஏலாது அண்ணை. டொக்டரைப் பாக்கிறதுக்கு டெர்மின் கார்த்திகையிலதான் தந்திருக்கினம்" என்றார். இன்னும் மூன்று பேர். மூன்று பேருக்கும் மூன்று கல்யாண வீடுகள். தோற்றுப்போய் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் மகள் துளசி பல்கனியில் கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜேர்மன் பெண்கள் கழகத்தின் பந்துக்காப்பாளர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதுதான் தெரியவில்லை. கதையைக் கேட்டுவிட்டு, "என்னை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை, சித்தப்பா?" என்றாள்.

யோகனை அழைத்தேன். "அது ஆம்பிளைப் பிள்ளையளின்ர கல்லூரியெல்லோ" என்றார். துளசி தொலைபேசியை வாங்கினாள்.

"யோகன் மாமா, இப்ப நிக்கிற பத்துப் பேரில ஆர் அந்தக் கல்லூரியில படிச்சது?"

"அது... ஒருத்தரும் இல்லை."

"நானும் அங்க படிக்கேல்லை. பேரை எழுதுங்கோ."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். "கொப்பர் அரியம் அண்ணையின்ர வாய் அப்பிடியே இருக்கு. சொல்லு பிள்ளை, பிறந்த திகதி என்ன?"

பெயர் எழுதப்பட்டது. உங்களுக்கு அணி இருக்கிறது, அண்ணை. ஊரிலுள்ள மாமியார்களின் வரவு போக்கையெல்லாம் கணக்கில் எடுத்த நீங்கள், சொந்த வீட்டுக்குள் கையுறையோடு திரிந்தவளை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? சனம் சிரிக்கும் என்றா?

அவள் உங்களைப் பிழை சொல்லவில்லை. வாசல் வரை வந்து ஒன்றுதான் கேட்டாள்: "கணிப்பில எங்களைக் கடைசியாவே போடுங்கோ, சித்தப்பா. அப்பா அப்பிடி எழுதின காலத்தில நாங்கள் ஒருக்காலும் கடைசியா வரேல்லை. மாத்தினால் வந்திடுவம்."

தாளை எழுதி முடித்துவிட்டேன். ஞாயிறன்று உங்களைப்போல எழுந்து நின்று வாசிப்பேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதைவிடச் சுமார். என் கை எழுதும் வரைக்கும் ஒவ்வொரு வருடமும் உங்கள் கல்லூரியைக் கடைசியில் எழுதுவேன், இது வாக்கு. அப்படி எழுதினால் கோடை முடிவில் யார் கடைசியில் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

தாளில் உங்களுக்கு ஒரு படி மேலேயும்
மற்ற எல்லாவற்றிலும் ஒரு படி கீழேயும் நிற்கும்,
உங்கள் தம்பி