நீ அழித்த 6

பாப்பா,

பார்க்காமல் பரீட்சைக்குப் போய்விடுவாயோ என்றுதான் இந்தச் சீட்டை ஷூவுக்குள் வைத்தேன்.

2x + 3y = 12 என்ற கோடு x அச்சை வெட்டும் இடம், நீ போட்ட 6தான். அங்கே y பூஜ்யம்; 2x = 12, x = 6. நேற்று ராத்திரி நான்தான் x-ஐப் பூஜ்யமாக்கி, “நாலுதான் வரும், அழிச்சிட்டுப் போடு” என்று கத்திவிட்டேன். பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. எழுப்பினேன், கோபத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாய். முதல் பஸ்ஸை நான்தான் ஓட்டவேண்டும், கிளம்புகிறேன்.

சாப்பாடு டப்பாவில். சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு. சீட்டைப் பார்த்ததும் மிஸ்டு கால் கொடு. அதுவரை எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அப்பா

நோட்டில் என் 4-ஐ அடித்துவிட்டேன். அதன் அடியில் உன் 6 இன்னும் தெரிகிறது. மனசே இல்லாமல்தான் அழித்திருக்கிறாய்.