ஒரு சாண் ரப்பர் குழாய்

புதிய காத்தான்குடி
செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பிறகு

அன்புள்ள மகன் றிஸ்லானுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும் சுகம், ஏறாவூரில் உன் மனைவி ஷாகிராவும் பிள்ளை ஸாதியாவும் சுகம், நேற்றிலிருந்து வேனும் சுகம். டோஹாவில் உன் சுகத்தைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் நல்ல சுகம் உம்மா என்று சொன்ன ஆள் நீ. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் பக்கத்தில் வாப்பா, வாப்பா வந்தால் வேன் கதை, வேன் கதை முடிவதற்குள் லைன் போய்விடும். அடுத்த வளவு ராத்தாவின் மருமகன் வியாழக்கிழமை அங்கே வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், கடைசிவரை வாசி.

நாலு மாதமாக நம்முடைய நீல வேனுக்கு இருந்த வருத்தம் உனக்குத் தெரியும். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, சந்தியில் பிரேக் பிடித்து நின்றால்தான் குளிர்காய்ச்சல்காரனைப் போல உதறி உதறி அணைந்துவிடும். மூன்று இலட்சத்து எட்டாயிரம் கிலோமீற்றரில் மீற்றரே களைத்து நின்றுவிட்டது, அதற்குப் பிறகு ஓடியதை அல்லாஹ்தான் அறிவான். இந்த ஊரில் வேன் இல்லாதவருக்கும் வேன் வைத்தியம் தெரியும் மகன். பள்ளிவாசலுக்கு முன்னால் ஒருவர் பிளக் என்றார், மாற்றினோம். ஒருவர் காபரேற்றர் என்றார், கழற்றிக் கழுவினோம். இன்னொருவர் பெற்றோலுக்குள் மண்ணெண்ணெய் கலந்திரிக்கு என்றார், பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலம் போய்விட்டது, அந்தச் சந்தேகம் மட்டும் போகவில்லை, வாப்பா டாங்கியையும் கழுவினார். பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்றார், கண்பட இந்த வேனில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கடைசியில் வாப்பா தானே ஒரு ஸ்குரூவைத் திருகி எஞ்சின் வேகத்தைக் கூட்டி ஓடவிட்டார், மூன்று நாள் இயந்திர வள்ளம் போலக் கத்திவிட்டு நாலாம் நாள் பெரிய தெருவில் பேரீச்சமரத்துக்குப் பக்கத்தில் அணைந்தது. பின்னால் பஸ் ஹோன் அடிக்கிறது, வாப்பா இறங்கித் தள்ளுகிறார், நான் மேலே அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு என் மகனும் டோஹாவில் இப்படி ஒரு மரத்துக்குக் கீழேதான் நிற்பான் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் வாப்பா உனக்குப் போன் எடுத்து, வேன்ட கதை முடிஞ்சி மகன் என்று சொன்னார். நீயும் யோசிக்காமல், கவலப்படாதீங்க வாப்பா, இன்னம் ரெண்டு வருஷம் நிண்டு புது வேன் எடுத்துத் தாறன் என்று சொல்லிவிட்டாய். மாதக் கடைசியில் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றும் சொன்னாய்.

இனி நேற்று நடந்ததைக் கேள். ஏறாவூருக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகும் வழியில் தன்னாமுனையில் வேன் திரும்பவும் நின்றுவிட்டது, நல்ல காலம், வேன் திருத்தும் நல்லரத்தினம் பாஸின் கராஜுக்குக் கிட்டத்தான். அவரும் பிளக்கில் தொடங்கினார். இந்த வேனுக்கு எஞ்சின் நான் இருக்கும் சீட்டுக்குக் கீழே என்பது உனக்குத் தெரியும். அந்தச் சீட்டுக்குக் கீழிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வருவதை நான் நாலு மாதத்துக்கு முன்னமே வாப்பாவிடம் சொன்னேன், அது உன்ட காதுலதான் கா கேக்குது என்று முடித்துவிட்டார். நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. நாடெல்லாம் காஸ் சிலிண்டர்கள் வெடித்த வருசத்திலிருந்து புதுச் சிலிண்டர் பூட்டினால் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் நான் அடுப்பு மூட்டுவதில்லை, அந்த உஸ்ஸும் இந்த உஸ்ஸும் ஒன்றுதான். ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் கேட்டேன். பாஸ் சிரித்தார், வாப்பா வெட்கத்தில் ரோட்டைப் பார்த்தார். சீட்டைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டு, ஒரு துண்டுச் சீலையால் குழாய் குழாயாகத் தடவிக்கொண்டு போனேன். காஸ் என்றால் நுரை வெளியே பொங்கும், இங்கே ஒரு சின்ன ரப்பர் குழாயில் நுரை உள்ளே போனது, போன கணமே எஞ்சின் உதறலை விட்டு அமைதியாக ஓடியது. நல்லரத்தினம் பாஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு, ராத்தா, நீங்க சொன்னது சரிதான், வெடிப்பால காத்துக் களவா உள்ள போகுது, ஓடக்குள்ள தெரியாது, நிண்டாத்தான் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், நாலு மாசமா இதுக்கு மேலதானே இருந்திருக்கிறீங்க என்றார். ஒரு சாண் புதுக் குழாய் வெட்டிப் போட்டார். ஏறாவூர் போய்த் திரும்பும்வரை ஒரு சந்தியிலும் அணையவில்லை.

மகன், இப்போது எனக்குக் கோபம், அதை மறைக்கப்போவதில்லை. முதல் இரண்டு வருசம் தங்கைக்கு வீடு கட்டப் போனாய், அது உன் கடமை, நானும் தடுக்கவில்லை. அடுத்த இரண்டு வருசம் உன் வீட்டு மதிலுக்கு. மதில் நல்ல உயரமாக நிற்கிறது, உள்ளே வரத்தான் ஆள் இல்லை. இப்போது வேனைச் சாட்டுகிறாய். நீ வரப்போகிறாய் என்று வாசல் அறைக்குச் சாயம் பூச ஆள் சொல்லியிருந்த ஷாகிரா, அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் மகள் என்று கேட்டேன், ரெண்டு வருஷத்துல மறுகாவும் பூசத்தானே வேணும் மாமி என்றாள். வீடியோவில் உன் முகம் அசையாமல் போகும்போது ஸாதியா என்ன சொல்கிறாள் தெரியுமா, வாப்பாவும் வேன் மாதிரி நிண்டுட்டார் என்கிறாள். எல்லோரும் சிரித்தோம், நான் குசினிக்குள் போய் அழுதேன்.

வேன் சுகமானதை உனக்குச் சொல்லும்படி வாப்பாவிடம் இரண்டு தரம் சொன்னேன், நெற்வேர்க் சரியில்லை என்றார். புது வேன் ஆசை அவருக்கும் இருக்கத்தானே செய்யும், மனிசன்தானே. இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் இறால் பொரியல் இருக்கிறது, வந்ததும் பிரிஜ்ஜில் வை. பக்கத்தில் கடதாசிச் சுருளில் இருப்பது அந்தப் பழைய குழாய், இறாலோடு வைத்துவிடாதே, பெற்றோல் மணம் பிடித்துவிடும். கையெழுத்துப் போடப் போகும் அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போ. அந்தக் கம்பனிக் கந்தோரில் உட்கார்ந்து ஒரு தரம் கையில் எடுத்துப் பார், அதற்குப் பிறகும் போடத் தோன்றினால் போடு, உம்மா ஒன்றும் சொல்லமாட்டேன். அந்தக் குழாயைக் கடதாசியில் சுற்றி நூல் கட்டித் தந்தது வாப்பாதான், நான் கேட்கவில்லை.

தொழுகையை விடாதே, வெயிலுக்குள் வெறும் வயிற்றோடு போகாதே. அல்லாஹ் உன்னைக் காத்து எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்கு துஆ கேட்கும் உம்மா,
நபீஸா