மஞ்சளாய்ப் போன திரை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் லேப்டாப்பைத் திறந்தால் திரை முழுக்க மஞ்சள். டீக்கறை படிந்த வெள்ளைத் துணி மாதிரி. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அதே மஞ்சள்.

திரைச்சீலைக் கடையின் கேட்லாக்கில் இன்னும் நாற்பது படத்துக்கு நிறம் திருத்த வேண்டும். பதினாறாம் தேதி அச்சுக்குப் போகிறது. என் தொழிலில் திரை மஞ்சளாவது சமையற்காரனுக்கு நாக்கு மரத்துப்போவது போல.

அவரைக் கூப்பிட்டேன். என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம். அதற்கு முன் ஒரு அலுவலகத்தின் நூற்றிருபது கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. தொட்டுக்கூடப் பார்க்காமல், நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "செட்டிங்ஸ்தான். விடு, நான் பாக்குறேன்."

மார்ச் 4, புதன்

இரவில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' செட்டிங்கை அணைக்கச் சொன்னார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. நிறத்துக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினார். ஒன்பது தடவை ஆஃப் செய்து ஆன் செய்தோம்.

"கடையில குடுத்துடலாமாங்க?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் வீட்டுல இருக்கும்போது கடைக்கா? ஊரே சிரிக்கும்."

எந்த ஊர்? எதிர்வீட்டுக்காரருக்கு எங்கள் பெயரே தெரியாது.

மார்ச் 5, வியாழன்

மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தபோது ஒரு நொடி திரை வெள்ளையாகி மறுபடி மஞ்சளானது. சொன்னேன். "பிரமை" என்றார்.

மார்ச் 7, சனி

மகளுக்குக் கல்லூரி விடுமுறை. வந்து உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, ஆன் பண்ணின உடனே வர்ற லோகோவே மஞ்சளா இருக்கு பாருங்க. அந்த நேரத்துல எந்த செட்டிங்கும் வந்திருக்காதே. இது ஸ்கிரீன்ல இருக்குற கோளாறு."

"ரெண்டாம் வருஷம் படிக்கிறவ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவளும் விடவில்லை. ஒயர் போட்டு டிவியில் இணைத்தாள். அங்கே மெரூன் மெரூனாகவும் நீலம் நீலமாகவும் இருந்தன. "டிவி எல்லாத்தையும் கூட்டிக் காட்டும், அதை நம்பி வேலை செய்ய முடியுமா?" என்றார். அதென்னவோ உண்மைதான், நிறம் திருத்த டிவி ஆகாது. ஆனால் அவள் கேட்டது அதுவா? மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். எட்டு மாதமாக இந்த வீட்டில் அவரை ஜெயிக்க விடுவதுதான் எனக்கு இன்னொரு வேலை.

மார்ச் 9, திங்கள்

"உனக்கு நாப்பத்தேழு ஆகுது. எதுக்கும் கண்ணைக் காட்டிட்டு வந்துடு. எனக்கு ஸ்கிரீன் அவ்வளவு மஞ்சளாத் தெரியல" என்றார்.

தூங்கப் போகும்வரை ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிச் சுவரைப் பார்த்தேன். கண் போனால் என்ன இருக்கிறது என்னிடம்?

மார்ச் 10, செவ்வாய்

கண் டாக்டர் புள்ளி புள்ளியாய் எண்கள் ஒளித்த அட்டைகளைக் காட்டினார். எல்லாவற்றையும் தப்பாமல் படித்தேன். "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல கண்ணும்மா. நிறம் பாக்குறதுல ஒரு குறையும் இல்ல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்படியா" என்றார். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மஞ்சளைக் குறைத்து, நீலத்தைக் கூட்டி, ஒருவழியாக வெள்ளையை வெள்ளையாக்கிவிட்டார். கடை கொடுத்த மாதிரித் துணித்துண்டுகளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருந்துகிறது! கெட்டிக்காரர்தான் என் வீட்டுக்காரர். பழைய மாதிரி சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

மார்ச் 15, ஞாயிறு

நாற்பது படமும் முடிந்து அனுப்பியாயிற்று. நடுநடுவே திரை லேசாக நீலம் பாய்கிற மாதிரி இருந்தது. "சும்மா சந்தேகப்பட்டுட்டே இருந்தா ஒரு வேலையும் ஓடாது" என்றார். சரி என்று நீலத்தைக் குறைத்துக் குறைத்துத் திருத்தினேன்.

மார்ச் 24, செவ்வாய்

எனக்கு வேலை அனுப்பும் ஸ்டூடியோவின் முதலாளியம்மா போன் செய்தார். "நாளைக்கு நேர்ல வாங்க." வழக்கமாகக் கேட்கும் "சாப்பிட்டீங்களா?" இல்லை.

மார்ச் 25, புதன்

முதலாளியம்மா அச்சான கேட்லாக்கை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். ஆகாய நீலம் பாசிப்பச்சையாகக் கிடக்கிறது. வெண்மைக்குக் காமாலை. மெரூன் எல்லாம் செங்கல். என் கையால் செய்தது. நாற்பதும்.

"பன்னெண்டு வருஷமா உங்க கண்ணை நம்பி நான் சரிபாக்குறதையே விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

"ஸ்கிரீன் பழுதாயிடுச்சும்மா..."

"பழுதுன்னு தெரிஞ்சுமா அதுலயே வேலை செஞ்சீங்க?"

கேட்லாக்கை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இனிமே உங்களுக்கு அனுப்ப மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பா எடுத்துக்கக் கூடாதாம்.

மார்ச் 26, வியாழன்

அவர் குளிக்கப் போன நேரத்தில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சொந்தப் பொருளையே திருடிக்கொண்டு போகிற மாதிரி படபடப்பு.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நகத்தால் தடவினாள்.

"அக்கா, இதை யாரோ முன்னாடியே திறந்திருக்காங்களே?"

"இல்லையே. யாரும் தொடலையேம்மா."

பிரித்துக் காட்டினாள். "மூடி ஒரு பக்கமா பலமா அடி வாங்கியிருக்கு. கீல் வளைஞ்சிருக்கு பாருங்க. அப்புறம் யாரோ கத்தி வெச்சு நெம்பித் திறந்திருக்காங்க. நெம்பும்போது ஸ்கிரீனுக்குப் போற இந்தப் பட்டை ஒயர் கிழிஞ்சிருக்கு. டேப் ஒட்டி மூடிட்டாங்க. மூடி அசையுறப்பல்லாம் ஒட்டும், விடும். நிறம் மாறிட்டேதான் இருக்கும். செட்டிங்ல எதைத் திருப்பினாலும் இது சரியாகாது."

டேப் கறுப்பு நிறம். ஓரம் நேராக வெட்டி, மூலை மடியாமல் ஒட்டியிருந்தது. அத்தனை சுத்தமாக டேப் ஒட்டுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

மார்ச் 27, வெள்ளி

கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"அன்னிக்கு, திங்கக்கிழமை, நீ மார்க்கெட்டுக்குப் போயிருந்தப்ப ஒரு மெயில் வந்துச்சு. நாலு இன்டர்வியூ வெச்சாங்க. கடைசியில, இந்த வேலைக்கு உங்க அனுபவம் அதிகம்னு எழுதியிருந்தாங்க. வயசுன்னு எழுத முடியாதில்ல. உன் லேப்டாப்புலதான் பாத்தேன். மூடினேன். கொஞ்சம் வேகமா."

"அப்புறம்?"

"நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு திறந்தேன்."

"அதுக்கப்புறம் மூணு வாரம் இருந்துச்சே. ஒரு நாள்கூடச் சொல்ல வாய் வரலியா?"

"நூத்திருபது கம்ப்யூட்டர் பாத்தவன், வீட்டுல இருக்குற ஒண்ணைக் கெடுத்துட்டேன்னு எப்படிடி சொல்வேன்?"

மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தன் அறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 28, சனி

மூடியை அறைந்ததை மன்னித்துவிடுவேன். நானாக இருந்தால் சுவரில் எறிந்திருப்பேன். ஒயரைக் கிழித்ததும் போகட்டும். ஆனா என்னைக் கண் டாக்டர்கிட்ட அனுப்புனியே — அது? அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டே அனுப்புனியே. நான் ஒத்தக் கண்ணை மூடிட்டுச் சுவத்தைப் பாத்துட்டுக் கிடந்தேனே, பக்கத்துலதானே படுத்திருந்தே?

அவன்.

எழுதிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. எழுதியதும் நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

"நான் வேணும்னா அந்த ஸ்டூடியோ அம்மாகிட்டப் பேசட்டுமா?" என்றார்.

"என்னன்னு பேசுவீங்க?"

சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். செருப்பைப் பார்த்தபடி நின்றார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

புது ஒயர், புதுக் கீல். லேப்டாப் திரும்பி வந்துவிட்டது. வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. அவர் முன்னால் வைத்தேன். "இதுல உங்க வேலையைத் தேடுங்க. எனக்கு வேற இடத்துல வேலை பாத்துக்கிட்டேன்."

ஏப்ரல் 20, திங்கள்

லேபிள் அச்சகத்தில் இரண்டு வாரம் ஆகிவிட்டது. இருமல் மருந்துப் புட்டிக்குச் சிவப்பு, தைல டப்பாவுக்குப் பச்சை. நிறம் பார்க்க வேண்டியதில்லை, ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுத்துவிடுகிறார்கள். என் மேலதிகாரிக்கு மகளைவிட நான்கு வயது கூட இருக்கலாம். "ஆன்ட்டி, கொஞ்சம் சீக்கிரம்" என்கிறாள். பழகிவிட்டது.

இன்று காலை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் ஓடி வந்தார். வீட்டில் போடும் சட்டை, பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. மூச்சு வாங்க டப்பாவை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. அச்சகத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வாயில் வந்துவிட்டது. எங்களுக்குள் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டதே கிடையாது.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தார். பேருந்து வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.