வென்டிலேட்டரில் புறா

செவ்வாய். மழை விட்டு விட்டு.

என்னங்க, இவ்வளவு லேட்டா எழுதறேன், மன்னிச்சுக்கங்க. நீங்க நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா நான் பாப்பாவோட எழுந்துடறேன். பேச நேரமே இல்ல. அதான் டைரியையே நீங்கன்னு நெனச்சு எழுதிக்குனு இருக்கேன்.

பாப்பாக்கு சளி. துணி காயல. பாத்ரூம் வென்டிலேட்டர்ல புறாக் கூடு அப்படியே. கூடா அது? கம்பெனி ரோட்டுல பொறுக்கின கட்டுக்கம்பித் துண்டு, நாலு குச்சி, மீதியெல்லாம் எச்சம். குஞ்சு ரெண்டு. மஞ்சள் முடி பாதி உதிர்ந்து, மூக்கு மட்டும் பெருசா. எடுத்துடலாம்னேன்.

அத்தை: "பால் குடுக்கறவ கூட்டைக் கலைப்பியா? உன் புள்ள தலையிலதான் விடியும். தானா பறந்து பூடும், இரு."

"எச்சம் நெஞ்சுக்கு ஆகாது அத்தை."

"பெரிய படிப்பு! நாங்கல்லாம் புறாவோட வளரலியா? இன்னா ஆச்சு எனக்கு?" சொல்லி முடிக்கறதுக்குள்ள இருமல். சிரிப்பை அடக்கிக்கினேன்.

புதன். புழுக்கம்.

கேஸ் புக் பண்ணணும். பாப்பா சொட்டு மருந்து தீரப்போகுது.

பெரிய புறா ரெண்டும் சாம்பல். கழுத்துல மட்டும் பெட்ரோல் சிந்தின தண்ணி மாதிரி பச்சை, ஊதா. கால் சிவப்பு. கண்ணு ஆரஞ்சு. குளிக்கறப்ப மேலேர்ந்து பாக்குது.

ராத்திரியெல்லாம் சத்தம். ர்ர்... ம்ம்... தொண்டைக்குள்ள ஏதோ உருட்டற மாதிரி. காதுக்குள்ளயே உக்காந்து கத்துது. ஒரே பேஜாரு.

வெள்ளி. நல்ல வெயில்.

குஞ்சு ரெண்டும் பறந்துடுச்சு. மதியமே ஆள் வந்து கூட்டை எடுத்து, கழுவி, வலை அடிச்சுட்டார்.

சாயங்காலம் பெரிய புறா ரெண்டும் எதிர் குடோன் கூரையில. வலையையே பாத்துக்குனு. அத்தை கையை ஆட்டி, "போ, வேற ஊடு பாரு."

இன்னிக்காவது தூங்கலாம்.

சனி. திரும்ப மழை.

ர்ர்... ம்ம்... அதே சத்தம்.

டார்ச் எடுத்துக்குனு போனேன். வலை கிழியல. வென்டிலேட்டர் காலி. மூச்சை அடக்கிக்குனு நின்னேன். பாத்ரூம்ல ஒண்ணுமே கேக்கல. ரூமுக்கு வந்தா கேக்குது.

பாப்பா நெஞ்சுல காது வெச்சேன்.

இங்கதான். இத்தனை ராத்திரியும் இங்கேர்ந்துதான். மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ குழி விழுது.

அத்தை பாப்பாவைத் தூக்கிக்கினாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோ எடுக்கறார். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க போனை கம்பெனி கேட்லயே வாங்கி வெச்சிருப்பாங்க. மெசேஜ் போட்டேன், ஒரே டிக். இதையும் திறந்தே மேசைமேல வெச்சுட்டுப் போறேன்.

பாத்ததும் சீக்கிரம் பதில் போடுங்க.