பாதி நெல் சங்கத்துக்கு

ராஸ் அல் கைமா,
பெப்ரவரி 16.

என் அன்பின் கணவருக்கு,

கஜந்தி எழுதுவது. நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் தம்பி துஷாந்தன் சொன்ன பிறகுதான் எனக்கு எழுதவே கை வருகிறது. என்னோடு ரூமில் இருக்கும் பிரஷாந்தி நாளை லீவில் ஊருக்கு வருகிறாள். இதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் நெல் விற்கிற கதையில் தொடங்கிச் சண்டையில் முடிகிறது. எழுதினால், நான் முடிக்கும் வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

போன திங்கட்கிழமை உங்களைப் பிடிவாதக்காரர் என்று சொன்னது என் பிழை. ஊர்க் கமக்காரர் எல்லாரும் நெல்லைச் சங்கத்திடம் கொடுத்து ஒரே கையால் விற்பது என்று முடிவெடுத்தார்கள். நீங்கள் மட்டும் மில்காரரின் லொறிக்குத்தான் கொடுப்பேன் என்று நின்றீர்கள். துஷாந்தன் சங்கத்தின் செயலாளர் என்பதால் அது அண்ணன் தம்பிச் சண்டையாகிவிட்டது. போன வருடம் சங்கக் களஞ்சியத்தின் கூரை ஒழுகி உங்கள் மூடைகள் நனைந்து முளைத்தபோது ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதை மறந்து பேசிவிட்டேன்.

அதன் பிறகு நாலு நாள் உங்கள் போன் வேலை செய்யவில்லை, துஷாந்தனும் போனை எடுக்கவில்லை. அங்கே மழை என்றும் கேள்விப்பட்டேன். நெல் விலைப்படாமல் கிடந்தபோது நம் ஊர் ஆனந்தராசா அண்ணை உயிரை மாய்த்துக்கொண்டது என் மனதை விட்டுப் போகவே இல்லை. டியூட்டிக்குப் போனேன், மாவைப் பிசைந்து சோதித்தேன், அளவுகளை எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்டால் தெரியாது.

வியாழக்கிழமை எங்கள் மாவு ஆலையைப் பார்க்க அவுஸ்திரேலியாவிலிருந்து கோதுமைக் கமக்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் எழுபது வயதுப் பெரியவர். மற்றவர் அவருடைய தம்பியின் மனைவி, பக்கத்துக் காணிக்காரி. எனக்கு அவர்களைக் கண்டதும் உங்கள் ஞாபகம்தான். அவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி எங்கள் ஆய்வுகூடத்துக் கோயம்புத்தூர்க்காரி ஹர்ஷினியிடம் சொன்னேன். "உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றாள். ஆனாலும் கேட்டாள்.

முன்பு அவர்களின் ஏற்றுமதிக் கோதுமையை ஒரே சபைதான் விற்றதாம். வெட்டி ஏற்றிவிட்டால் தன் வேலை முடிந்தது, எல்லாருடையதையும் சேர்த்து விற்றுப் பங்கு பிரித்ததால் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார் பெரியவர். அந்த அம்மா விடவில்லை. நல்ல கோதுமை விளைந்தாலும் யாருக்குக் கொடுப்பது என்று சொல்லத் தனக்கு உரிமை இருக்கவில்லை, இப்போது தானே பேசி விற்பதாகச் சொன்னார். ஆனால் வெட்டுக் காலத்தில் வானத்தைப் பார்ப்பதைவிட விலையைத்தான் பார்க்கிறாராம். ஒரு வருடம் அவசரப்பட்டு விற்றுவிட்டு அழுதாராம். இரண்டு பேரும் எங்கள் முன்னாலேயே தர்க்கப்பட்டார்கள். இதற்காக அந்தக் குடும்பம் மூன்று வருடம் பேசாமல் இருந்ததாம்.

எது நல்லது என்று நான் விடாமல் கேட்டேன். அதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். வெட்டிய தானியத்தைக் காய வைத்துப் பத்திரமாக வைக்க இடம் இருந்தால் எந்த முறையிலும் பிழைக்கலாம், இல்லாவிட்டால் முதலில் வந்து நிற்கும் லொறிதான் விலையைச் சொல்லும் என்றார்கள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நம் வீட்டில் நெல் காயப்போட ஒரு சீமெந்துத் தளம்கூட இல்லை. ஈர நெல்லோடு வரம்பில் நிற்கிற மனிதரிடம் இங்கே குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு நியாயம் பேசியிருக்கிறேன்.

மறுநாள்தான் துஷாந்தன் போனை எடுத்தார். "அண்ணி, பயப்பிடாதேங்கோ. அண்ணையின்ர போன் வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டுது. ஆள் என்னோடதான் நிக்கிறார்" என்றார். மழை இருட்டியபோது சங்கத் தளத்தில் ஊராரின் நெல் விரித்துக் கிடந்ததைக் கண்டு, யாரும் கூப்பிடாமலே நீங்கள் படங்குகளோடு போய் மூடினீர்களாம். பிறகு, "முதல்ல கூரையைப் போடு, அதுக்குப் பிறகு கதைப்பம்" என்று தம்பிக்குச் சொன்னீர்களாம். இரண்டு பேரும் களஞ்சியத்தில் ஏறித் தகரம் அடித்தீர்களாம். பாதி நெல் சங்கத்துக்கு, பாதி உங்கள் விருப்பத்துக்கு என்று முடிந்ததாம். "நான்தான் முதல்லயே கூரையைப் பாத்திருக்கவேணும் அண்ணி" என்று அவர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. அதற்காகவாவது அவரை இனிக் குத்திக் காட்டாதீர்கள்.

போனை வைத்துவிட்டு நான் அழுததைப் பார்த்துச் செத்த வீடோ என்று ஹர்ஷினி பயந்துவிட்டாள். இல்லை, நெல்லுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்றேன். அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

பிரஷாந்தியிடம் பிள்ளைக்குச் சப்பாத்தும் பால்மாவும் அனுப்புகிறேன். சப்பாத்து கொஞ்சம் பெரிது. வருகிற வருடமும் போடலாம்.

இன்னும் ஒன்று. பயிருக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை இனி நம் வீட்டில் வைக்க வேண்டாம். எல்லாவற்றையும் துஷாந்தனின் கொட்டிலில் வைத்துப் பூட்டித் திறப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். பிள்ளை இப்போது எட்டி எடுக்கிற உயரத்துக்கு வந்துவிட்டாள், அதற்காகத்தான் சொல்கிறேன். மறுக்காமல், இது கிடைத்த அன்றைக்கே செய்யுங்கள்.

உங்கள்,
கஜந்தி