தம்பி கையால் கேட்டது

அன்புள்ள அம்மாவுக்கு, புனிதா பஸ் நிறுத்தத்திலிருந்து எழுதுவது. நான் நலம். முட்டிவலி குறைந்ததா? நம் பீடோரில் மழை விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை இங்கே மெல்பர்னில் ப்ரைட் விழா. ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் கூடுகிற விழா. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துப் பெரியவர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண் பாட்டைக் கைமொழியில் சொன்னாள். காது கேளாத பையன்கள் அவளைப் பார்த்து ஆடினார்கள்.

உடனே தம்பி யுகேந்திரனை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஊர்க் கைமொழி வேறு, அவன் பேசும் கைமொழி வேறு. ஆனாலும் அவன் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கையால் கேட்டான்: "அக்கா, நானும் அங்க வரவா?"

வா என்று சொல்ல என்னிடம் வழியில்லை. லைன் சரியில்லாததுபோலப் போனை அணைத்துவிட்டேன்.

"அவனுக்கு ஆம்பளயத்தான் புடிக்கும்னு தெரிஞ்சதுலேர்ந்து அப்பா மொகத்தத் திருப்பிக்கிறாரு லா" என்று போன வாரம் நீங்கள் போனில் சொன்னீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தம்பி யாரோடு பேசுவான், அம்மா?

அவன் அறைக்கு நல்ல பல்பு ஒன்று போடுங்கள், வீடியோவில் கை தெரியவில்லை. அப்பாவை ஒரு வேளையாவது அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். இங்கிருந்து என்னால் வேறென்ன செய்ய முடியும்? பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
புனிதா